கடைசி ஆள் எந்திரிச்ச பிறகு

வாங்க தம்பி, உள்ள வாங்க. ஷட்டர் பாதி இறங்கியிருக்கேன்னு தயங்காதீங்க, அது வெயிலுக்கு இறக்கினது. குனிஞ்சு வாங்க, தலை பத்திரம். அங்க வேணாம், அந்த ஃபேன் சுத்தும், காத்து வராது. இந்தப் பக்கம் உக்காருங்க. சாப்பாடு இருக்கான்னா கேக்குறீங்க? சீனியம்மாள் மெஸ்ஸுல வந்து கேக்குற கேள்வியா இது! வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, சாப்பாடு இல்லைன்னு இந்த வாசல்ல இருந்து ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினதே கிடையாது.

வாணி! ஆத்தா வாணி! ஒரு சாப்பாடு!

நீங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை, என்ன? கொடைக்கானல்ல ஒரு டீயைக் குடிச்சுட்டு பஸ் ஏறியிருப்பீங்க. கூட ஒரு பன்னு. பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. நாப்பது வருசமா இந்தக் கல்லாவுல உக்காந்து வர்ற மூஞ்சியை எல்லாம் பாத்துக்கிட்டிருக்கேன் தம்பி. உதடு காஞ்சிருக்கும், கண்ணு உள்ள போயிருக்கும், பேச்சு பாதியில நிக்கும். எங்கிட்ட எவனும் பசியை மறைக்க முடியாது. சும்மா பெருமைக்குச் சொல்லலை, வேணும்னா வெளிய நிக்கிறவனைக் கூப்பிடுங்க, அவன் எப்பச் சாப்பிட்டான்னு சொல்றேன்.

இலையைத் துடைச்சுக்கங்க. மீனா? மீனு முடிஞ்சுபோச்சே. அணை மீனு, ரெண்டு மணிக்கெல்லாம் காலி. அடடா, மூஞ்சியைச் சுருக்காதீங்க, இருங்க. வாணி, அந்தச் சின்னத் தூக்குல ஒரு துண்டு மீனு இருக்கும்ல, அதைக் கொண்டாத்தா. முட்டையும் இருந்தா சேத்துக் கொண்டா. என்ன நின்னுக்கிட்டே இருக்க? ஆளு பசியோட உக்காந்திருக்காரு பாரு.

பாத்து, மெதுவா வையி. ஆங்.

அவதான் என் மருமக, கலைவாணி. என் மகன் தங்கப்பாண்டி சம்சாரம். நிலக்கோட்டைப் பக்கம், பூக்காட்டுக்காரவுக வீட்டுப் பொண்ணு. கல்யாணமாகி நாலு வருசம் ஆகப்போகுது. இப்ப முழுகாம இருக்கா. மூணு மாசம் முடியிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதும்பாக. நீங்க வெளியூரு ஆளு, சாப்பிட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க, உங்ககிட்டச் சொல்றதுல என்ன. இது மூணாவது தடவை தம்பி. முந்தின ரெண்டும் தங்கலை. ரெண்டுமே மூணாம் மாசத்தைத் தாண்டலை.

சோத்தைப் பிசைங்க, கேட்டுக்கிட்டே சாப்பிடுங்க.

இந்தத் தடவை தங்கிறணும். சாமிகிட்ட நான் வேற ஒண்ணும் கேக்கலை. எனக்கு இவன் ஒரே மகன். இந்தக் கடை எங்கப்பா வச்சது, எங்க ஆத்தா பேருல. ஒரு பேரனோ பேத்தியோ வந்து, மொத இலையில உக்கார வச்சு, என் கையால ஒரு வாய் பருப்புஞ்சோறு ஊட்டிட்டேன்னா போதும், கல்லாவை மகன்கிட்டக் குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போய் ஒரு மூலையில படுத்துருவேன். முட்டி ரெண்டும் போச்சு. ஒடம்பு அலுத்துப்போச்சு, மனசும் அலுத்துப்போச்சு தம்பி.

போன வருசம் ரெண்டாவது போச்சுல்ல, அன்னைக்குக் கடையைப் பூட்டினேன். எங்கப்பா செத்தன்னைக்கே பூட்டாத கடை. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, முகூர்த்த நாளு வேற, கூட்டம் அள்ளுது. இந்தப் பிள்ளை காலையில இருந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டே சாம்பாரைக் கிண்டியிருக்கா, அப்பளம் பொரிச்சிருக்கா, ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. எல்லாம் முடிஞ்சு, பின்னால குழாயடியில உக்காந்துட்டா. சேலையெல்லாம் ரத்தம். ஏன் ஆத்தா சொல்லலைன்னு கேட்டா, "கூட்டம் குறையட்டும்னு இருந்தேன் மாமா"ங்கிறா. அப்படி ஒரு பொறுப்பான பொண்ணு. எந்த வீட்டுல கிடைக்கும் சொல்லுங்க?

நான் சும்மா இருக்கலை தம்பி, அதையும் சொல்லிர்றேன். ஊருல ஆளாளுக்கு என்னைக் குத்தம் சொல்றான்ல, அதுக்காகச் சொல்றேன். கொல்லையில ஒரு பப்பாளி மரம் நின்னுச்சு. காயி ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு. மறுநாளே வெட்டிச் சாய்ச்சுட்டேன். அடுத்த வீட்டுக்காரன் பப்பாளியும் எங்க செவுத்துக்கு மேல சாஞ்சுக்கிட்டிருந்துச்சு, அதையும் வெட்டச் சொன்னேன். வெட்ட மாட்டேன்னான். சண்டை போட்டு, சட்டையைப் புடிச்சு, வார்டு கவுன்சிலர் வரைக்கும் போய் வெட்ட வச்சேன். இந்தப் பக்கத்துல ஜூஸ் கடை இருக்குல்ல, அன்னாசிப்பழ வாடை அடுப்படிக்கு வருதுன்னு தார்ப்பாய் கட்டியிருக்கேன், பாருங்க. எள்ளுருண்டை வீட்டுக்குள்ள வர விடுறதில்லை. எந்த மாமனாரு இவ்வளவு பாப்பான்? அவ அப்பன்கூடப் பாக்க மாட்டான்.

குழம்பு போதுமா? வாணி, குழம்பு!

அப்பறம் இந்தத் தடவை உண்டானதும் டாக்டரம்மாகிட்டயும் கூட்டிட்டுப் போனோம். காசு பணம் பாக்கலை. அந்தம்மா எல்லாம் பாத்துட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? "அய்யா, முந்தின ரெண்டும் எதனால போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, பல காரணம் இருக்கும், சிலது நம்ம கையிலயே இல்லை"ன்னுச்சு. டாக்டருக்கே தெரியலைங்கிறேன்! அப்படியிருக்கையில எங்க மேல என்ன குத்தம்? அதோட விட்டிருக்கலாம்ல. "ஆனா பொண்ணுக்கு ஒடம்புல ஒண்ணுமே இல்லை, எடை இல்லை, ரத்தம் இல்லை, உண்டாகுறதுக்கு முன்னாடியே தேத்தியிருக்கணும், சத்து மாத்திரையெல்லாம் அப்பவே ஆரம்பிச்சிருக்கணும்"னு ஒரே பாட்டு. "இனிமேயாவது நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க, வாந்தி வந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. கீரை, முட்டை, மீனு, பருப்பு"ன்னு அடுக்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. யாருகிட்டச் சொல்லுது பாருங்க. அந்தம்மா சொன்னதெல்லாம் தினமும் எங்க அடுப்புல கொதிக்குது தம்பி. கீரைக்கூட்டு இல்லாத நாளு உண்டா இங்க?

மாத்திரையும் குடுத்தாக. சாப்பாட்டுக்கு அப்பறம் போடணும்னு சொன்னாக, அதுல நான் ரொம்பக் கண்டிப்பு. வெறும் வயித்துல போட்டா புரட்டும்ல. அதனால சாயங்காலம் நாலு, நாலரைக்குச் சாப்பிட்டதும் போட்டுருவா, ஒரு வரக்காப்பியோட. காப்பிக்கு மட்டும் இந்த வீட்டுல கட்டுப்பாடே கிடையாது. எத்தனை டம்ளர் வேணும்னாலும் குடிக்கலாம். டாக்டரம்மா காப்பியையும் குறைக்கச் சொல்லுச்சு. அடுப்படியில நிக்கிற பிள்ளை, அதுகூட இல்லாட்டி எதை வச்சு நிக்கும்?

நாலு மணியான்னு பாக்குறீங்களா? அது எங்க வழக்கம் தம்பி. கடைசி ஆளு சாப்பிட்டு எந்திரிச்சு, அந்த இலையை எடுத்த பிறகுதான் வீட்டாளுக உக்காரணும். எங்கப்பா போட்டது. சும்மா போடலை. கடை வச்ச புதுசுல ஒரு நாளு, எங்க சித்தப்பா பசி தாங்காம மத்தியானமே உக்காந்து ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுட்டாரு. அதுக்குப் பின்னால, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு ஆளு வந்திருக்கான், பெரியகுளத்துல இருந்து நடந்தே. சட்டியில சோறு இல்லை. அவன் தண்ணியை மட்டும் வாங்கி அந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டுப் போயிட்டான். எங்கப்பா அன்னைக்கு அழுதாரு. பசிச்சு வந்த பிள்ளையைத் தண்ணி குடுத்து அனுப்பிட்டோமேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. அன்னைல இருந்து இந்த வழக்கம். நான் பிறந்து வளந்து இன்னைவரைக்கும் மீறினதில்லை. நானும் இன்னும் சாப்பிடலை, தெரியுமா? இடையில ரெண்டு டீ குடிப்பேன், வடை தட்டுல கிடந்தா ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்குவேன், அவ்வளவுதான். கல்லாவுல உக்காந்தவனுக்கு அது சாப்பாட்டுக் கணக்குல வராது.

என் வீட்டுக்காரி பாக்கியம் அப்படித்தான் இருந்தா. மகராசி. நாலு தடவை உண்டாகி தங்கினது இவன் ஒருத்தன்தான். மத்ததெல்லாம் எப்ப வந்துச்சு, எப்பப் போச்சுன்னு யாரு பாத்தா? ஒரு நாளு படுத்துக் கிடப்பா, மறுநாளு அடுப்படியில நிப்பா. ஒரு பேச்சு இல்லை, ஒரு முனகல் இல்லை. சட்டியைச் சுரண்டி, அடிச்சோத்துல ரசத்தை ஊத்தி, நின்னவாக்குல சாப்பிட்டுட்டு ராத்திரிக்கு மாவாட்ட உக்காந்துருவா. அந்தக் காலத்துப் பொம்பளைக ஒடம்பே வேற. நாப்பத்தஞ்சு வயசுல ஒரு நாளு மாடிப்படியில மூச்சு வாங்குதுன்னு உக்காந்தா, அதோட போயிட்டா. ஆஸ்பத்திரியில ரத்தமே இல்லைன்னாங்க. அது எப்படி இல்லாமப் போகும்? காலமெல்லாம் சோத்துக்கு நடுவுல இருந்தவ தம்பி அவ. டாக்டருக சொல்றதை எல்லாம் நம்ப முடியாது.

இவளுக்கு அந்தத் தெம்பு இல்லை. இப்பவே பாருங்க, குழம்புச் சட்டியைத் தூக்கிட்டு வர்றா, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வர்றா. வை ஆத்தா, ஊத்திட்டுப் போ. முகம் அப்படி வெளிறிக் கிடக்கேன்னு நினைக்காதீங்க, அவ ஜாடையே அப்படித்தான். கொஞ்சம் காஞ்ச உதடு, உள்வாங்கின கண்ணு. பேச்சும் கம்மிதான், பாதி சொல்லுவா, மீதியை முழுங்கிருவா. வந்தப்ப நல்லா வாயடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவ, இப்ப அடங்கிட்டா. அதுவும் நல்லதுக்குத்தான்.

வாந்தி வேற. தாளிக்கிற வாசனை வந்தாப் போதும், குழாயடிக்கு ஓடுறா. நான்தான் சொன்னேன், வாந்தி வர்ற அன்னைக்கு வயித்தை வெறுமனே போடு ஆத்தா, உள்ள ஒண்ணும் இல்லைன்னா வெளிய வர என்ன இருக்குன்னு. கேட்டுக்கிட்டா. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை.

இப்ப என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. போன வாரம், நல்ல கூட்ட நேரம், ஒரு இலை எடுக்க ஒரு இலை போட்டுக்கிட்டிருக்கோம். நம்ம வட்டாரத்து நர்சம்மா, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நேரா உள்ள வருது. சாப்பிடத்தான் வருதுன்னு நான் எந்திரிச்சு இடம் பாக்குறேன். அது அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, "கலைவாணி, இன்னைக்கு என்ன சாப்பிட்ட?"ன்னு சத்தமாக் கேக்குது. இவ என்னைப் பாக்குறா. "சாப்பிட்டேன்க்கா"ங்கிறா. "என்ன சாப்பிட்ட, அதைச் சொல்லு"ங்குது அது. இவ முழிக்கிறா. தினமும் வர்றவனுக்கெல்லாம் கூட்டு, பொரியல், சாம்பார், வத்தக்குழம்புன்னு மூச்சு விடாமச் சொல்ற பொண்ணு, அன்னைக்கு வாயைத் திறக்கலை. ஒரு தோசை, ஒரு இட்லின்னு எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

அந்தம்மா என் பக்கம் திரும்பி, அத்தனை பேருக்கு முன்னால, "அய்யா, ஊருக்கெல்லாம் வயிறு நிறைஞ்சிருச்சான்னு கேக்குறீங்களே, இந்தப் பிள்ளைகிட்ட ஒரு நாளு கேட்டிருக்கீங்களா?"ன்னுச்சு. பேங்க் மேனேஜர் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு, ரெண்டு கண்டக்டரு இருக்காங்க, எல்லாம் தினமும் வர்ற ஆளுக. ஒருத்தன் இலையைப் பாத்துச் சிரிக்கிறான். எனக்கு எப்படி இருக்கும்? சோறு போட்டே பேரெடுத்த குடும்பம் தம்பி இது. எங்க வீட்டுப் பொண்ணு பட்டினின்னு எங்க கடை நடுவுல நின்னு சொல்லிட்டுப் போகுது. ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. இந்த மெஸ்ஸுல யாரு யாரைச் சாப்பிட வேணாம்னு சொன்னா? சட்டி திறந்துதான் கிடக்கு. வழக்கம்னு ஒண்ணு இருக்கு, அதை விட்டா யாரும் தடுக்கலை.

அன்னைக்கு ராத்திரி மகன் குதிகுதின்னு குதிச்சான். எங்கிட்ட எதுத்துப் பேசாதவன். "இந்தப் பிள்ளையும் போச்சுன்னா நான் இவளைக் கூட்டிக்கிட்டு நிலக்கோட்டைக்கே போயிருவேன், நீங்களும் உங்க மெஸ்ஸும் இருங்க"ங்கிறான். பெத்த அப்பன்கிட்டப் பேசுற பேச்சா? கடைசியில அவனே ஒரு ஏற்பாடு பண்ணினான். தினமும் சமைச்சதும் ஒரு துண்டு மீனு, ஒரு முட்டை, ஒரு கரண்டி கீரை, அவளுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறது. அதுக்குன்னு ஒரு சின்னத் தூக்கு வாங்கிட்டு வந்திருக்கான். சரிடா, எடுத்து வையின்னேன். நான் என்ன வேணாம்னா சொன்னேன்? என் பேரப்பிள்ளைக்குத்தானே.

ஆனா பாருங்க, ஒவ்வொரு நாளும் கடைசியில யாராவது ஒருத்தர் உங்களை மாதிரி வந்துர்றாரு. பசியோட வந்து உக்காந்து, மீனு இருக்கான்னு கேட்டா, உள்ள ஒரு துண்டை வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. எங்கப்பா முகம் கண்ணுல நிக்குது. அவளும் ஒண்ணும் சொல்றதில்லை, கேட்டதும் கொண்டாந்துருவா. இன்னைக்கு மகன் இருந்தா முறைச்சிருப்பான். அவன் கேஸ் சிலிண்டர் விஷயமா திண்டுக்கல் போயிருக்கான்.

என்ன தம்பி? ஏன் கையை எடுத்துட்டீங்க?

உப்பு கூடிப்போச்சா? முள்ளா? பின்ன ஏன் மீனை ஓரமா ஒதுக்குறீங்க? நான் பாட்டுக்கு எதையோ பேசிட்டேன், நீங்க அதை மனசுல போட்டுக்காதீங்க. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குச் சாப்பிட்டுக்குவா, எங்க போகப்போகுது மீனு. உள்ள குடுங்கன்னா எப்படிக் குடுக்கிறது? உங்க இலையில வச்சாச்சு, அது உங்க சாப்பாடு. இலையில விழுந்ததைத் திருப்பி எடுத்து வீட்டாளுக்குக் குடுக்கிறதாவது. முட்டையைத் தொடவே இல்லையேன்னா, தொடாட்டியும் முறையில்லை தம்பி. நீங்க நல்லவுக, அதான் சங்கடப்படுறீங்க. சாப்பிடுங்க.

அவ சாப்பிட்டாளான்னா கேக்குறீங்க? யாரு, வாணியா?

இது என்ன கேள்வி. நீங்களும் அந்த நர்சம்மா மாதிரியே கேக்குறீங்களே. சரி, உங்க திருப்திக்கு இப்பவே கேட்டுர்றேன். நாளைக்கு ஒருத்தரும் நான் கேக்கலைன்னு சொல்லக் கூடாது பாருங்க.

வாணி! ஆத்தா வாணி! சாப்பிட்டியா?

என்னது? சத்தமாச் சொல்லு ஆத்தா, ஃபேன் சத்தத்துல கேக்கலை.

காதுல விழுந்துச்சா தம்பி? "அவரு எந்திரிக்கட்டும் மாமா"ங்கிறா. கேட்டீங்களா? எங்கப்பா போட்ட வழக்கம், எங்கேயோ பூக்காட்டுல பிறந்து வந்த பிள்ளை வாயில இருந்து வருது. சொல்லிக் குடுக்கலை தம்பி, நான் ஒரு நாளும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கலை. எனக்குக் கண்ணே கலங்குது. இதைக் கேக்க அந்த நர்சம்மா இங்க இருந்திருக்கணும்.

அட, எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. பாதிச் சோத்துல எந்திரிச்சா எங்களுக்குத்தான் மனசு கஷ்டம். இன்னும் ரசம் வரலை, மோரு வரலை. வாணி, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு கொண்டாத்தா. நீங்க நிதானமாச் சாப்பிடுங்க தம்பி. இங்க யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை.